நிலக்கீழ்த் தளமும் செலவுக் கணக்கும்

யாழ்ப்பாணத்திலே வீடு கட்டுவோர் நிலத்தினின்றும் மேலே எழும்புவதையே அறிவர். அத்திவாரத்தை இரண்டு மூன்றடி உயர்த்தி, படிகள் வைத்து, மாரிவெள்ளம் உட்புகாதவாறு வீட்டை அமைப்பது எம் முன்னோர் கண்ட முறை. சுண்ணக்கல்லின்மேல் சிறிதளவே மண் படிந்த ஊரில், கிணற்றுநீர் சில முழ ஆழத்திலேயே நிற்கும் ஊரில், நிலத்தைத் தோண்டி அதனுள் அறை வகுக்க எவரும் நினையார். ஆயின், எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் குடியேறி வாழும் ரொறன்ரோ மாநகரிலும் அதன் சூழலிலும் நிலத்தின் கீழ் ஒரு தளம் இல்லாத தனிவீட்டைக் காண்பது அரிது.

இதற்குக் காரணம் ஆடம்பரம் அன்று, குளிரே காரணமாகும். நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய 9 வீதம் பெருகும். மாரியில் மண்ணிலுள்ள நீர் உறைந்து மண்ணை மேலே தள்ளும், அம்மண்ணின்மீது நிற்கும் அத்திவாரமும் அசையும், சுவர் வெடிக்கும். ஆதலின், உறைபனி எட்டாத ஆழத்தில் அத்திவாரத்தின் அடிப்பாகத்தை வைத்தல் வேண்டும். ரொறன்ரோவில் அவ்வாழம் ஏறக்குறைய 4 அடி. நான்கடி தோண்டியபின் இன்னும் சில அடி தோண்டினால் ஒரு முழுத் தளமே கிடைக்கின்றதன்றோ? இவ்வாறு பிறந்ததே எம்மவர் 'பேஸ்மென்ற்' என்று வழங்கும் நிலக்கீழ்த் தளம்.

1983 ஆம் ஆண்டின் பின்னர் அந்நாட்டை அடைந்த எம்மவருள் எத்தனையோ பேருக்கு முதல் இல்லமாய் அமைந்தது இத்தளமே. பிறர் வீட்டின் கீழே வாடகைக்கு இருந்து, இரவு வேலையும் பகல் வேலையும் செய்து பொருள் தேடியோர் இன்று தாமே வீட்டுக்காரராய், தம் வீட்டின் கீழ்த்தளத்தை எவ்வாறு முடிப்பது எனச் சிந்திக்கின்றனர். ஊரிலிருந்து வரும் தாய் தந்தையர்க்கு ஓர் இடம், படிக்க வரும் மருமகனுக்கு ஓர் அறை, அல்லது வீட்டுக்கடனை இறுக்க மாதாமாதம் ஒரு வாடகை எனக் காரணங்கள் பல. செலவுக் கணக்கில் நிகழும் பிழையோ எல்லோரிடத்தும் ஒன்றாகவே இருக்கக் காண்கின்றோம். கண்ணுக்குத் தெரிவனவற்றுக்கெல்லாம் விலை கேட்கின்றனர். தெரியாதனவற்றுக்கு ஒரு சதமும் ஒதுக்குவதில்லை. அப்பிழையை நாமும் செய்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வீட்டைக் கட்டி விற்போர் கீழ்த்தளத்தைப் பெரும்பாலும் முடிக்காமலே விட்டுவிடுவர். சுற்றிலும் கொங்கிறீற்றுச் சுவர்; கீழே வெறுஞ் சீமெந்துத் தரை; மேலே மரவளைகளும் அவற்றினூடே செல்லும் குழாய்களும் கம்பிகளும்; ஒரு மூலையில் வெப்பவுலையும் சுடுநீர்த் தாங்கியும். இவற்றை மறைத்து, சுவரும் கூரைத்தட்டும் தரைவிரிப்பும் விளக்கும் மலசலகூடமும் அமைத்து மனிதர் வாழத்தக்க இடமாக்குவதே 'முடித்தல்' எனப்படும். ஊரிலே சுவர் பூசாத வீட்டில் குடிபுகுந்து, கையிற் காசு சேரச்சேர அறை அறையாக முடித்த அநுபவம் எம்மிற் பலர்க்கு உண்டு. அம்முறையில் ஒரு நன்மை இருந்தது: குறை கண்ணுக்குத் தெரியும்; ஒழுக்கு எங்கே என்று சுவரே காட்டும். கீழ்த்தளத்திலோ பலகைச் சுவரை அடித்து மூடிவிட்டால் அதன் பின்னே நடப்பதை ஒருவரும் அறியார்.

எனவே, செலவுக் கணக்கின் முதல் வரி நீராக இருத்தல் வேண்டும். நீர் மூன்று வழியால் வரும். முதலாவது, மழைநீர் சுவர் வழியே ஊறி வருதல். இதற்குச் செய்யவேண்டிய பரிகாரங்களுள் மிக மலிவானவற்றையே மக்கள் மறந்துவிடுகின்றனர். கூரைப்பீலியால் இறங்கும் நீரைச் சுவரிலிருந்து அப்பால் நெடுந்தூரம் கொண்டுபோய் விடுதலும், வீட்டைச் சுற்றியுள்ள மண்ணை வெளிப்புறம் சரியுமாறு நிரவுதலும் ஒரு சில நூறு டொலரில் முடியும் காரியங்கள். அவை போதாவிடின், அத்திவாரத்தின் வெளிப்புறத்தைத் தோண்டி, அடியிலுள்ள வடிகுழாயைப் புதுப்பித்து, சுவருக்கு நீர்த்தடுப்புப் பூசவேண்டி நேரும். பழைய வீடுகளில் அவ்வடிகுழாய்கள் களிமண்ணாற் செய்யப்பட்டவை; வேரும் சேறும் புகுந்து அடைபட்டிருப்பது வழக்கம். இது பெருஞ்செலவு. ஆயினும், உள்ளே சுவரடித்தபின் இதனைச் செய்வதிலும் முன்னரே செய்வது மேல்.

இரண்டாவது, காற்றிலுள்ள ஈரம். மாரியில் வீட்டினுள் உள்ள வெப்பமான ஈரக்காற்று, குளிர்ந்த கொங்கிறீற்றுச் சுவரைத் தொட்டவிடத்து நீராய்ப் படியும். குளிர்நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போன்றதே இதுவும். பலகைச் சுவரின் பின்னே இவ்வாறு வியர்த்தால் பூஞ்சணம் பிடிக்கும், மரம் உக்கும். ஆதலின், வெப்பக்காப்பையும் ஈரத்தடுப்பையும் காற்றுப் புகாதவாறு அமைத்தல் வேண்டும். தரையின் நிலையை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஏறக்குறைய 18 அங்குலச் சதுரமான பிளாத்திக்குத் தாளைத் தரையிலே பரப்பி, நாற்புறமும் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பார்க்க. தாளின் அடியில் நீர்த்துளியோ தரையிற் கருமையோ காணப்படின் அத்தரை இன்னும் மூடத்தக்கதன்று. எமது விஞ்ஞான ஆசிரியர்கள் ஒடுங்குதல் என்னும் பாடத்தைக் கற்பிக்கும்போது இதனையும் ஓர் உதாரணமாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, நகரின் கழிவுநீர். கடும் மழையில் வீதியின் கீழுள்ள பெருங்குழாய் நிரம்பிவிட்டால், அந்நீர் வீட்டுக் குழாய் வழியே திரும்பி, கீழ்த்தளத்துத் தரையிலுள்ள வடிதுளையால் மேலெழும். இதனைத் தடுப்பது ஒருவழி வால்வு என்னும் சிறு கருவி. எமது வீட்டுக் கீழ்த்தளத்தை முடித்தபோது, கொந்தராத்துக்காரர் தந்த பட்டியலில் அவ்வால்வும் இருந்தது. தொகை கூடியதாகத் தோன்றவே, எதைக் குறைக்கலாம் என்று நாம் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தோம். தரைவிரிப்பைக் குறைக்க மனமில்லை. சுவரிற் பதிக்கும் விளக்குகளைக் குறைக்கவும் மனமில்லை. என்னவென்று எமக்கு விளங்காத வால்வையே வெட்டினோம். 2013 ஆம் ஆண்டு யூலை மாதம் 8 ஆந் திகதி மாலை, ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. அன்றிரவு எமது புதிய தரைவிரிப்பின்மேல் முழங்காலளவு கழிவுநீர் நின்றது. காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். கழிவுநீர் திரும்பி வருவதால் உண்டாகும் சேதத்துக்கு வேறாகப் பணங்கட்டி உறுப்புரை ஒன்றைச் சேர்த்திருக்க வேண்டுமாம், நாம் சேர்த்திலேம். விரிப்பு, பலகைச் சுவரின் கீழ்ப்பாதி, வெப்பக்காப்பு, பிள்ளைகளின் புத்தகங்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த சில பழைய படங்கள் ஆகிய யாவும் வெளியே வீசப்பட்டன. படங்களின் விலையை எந்தப் பட்டியலிலும் எழுத இயலாது.

இத்தகைய மழை அன்றோடு ஒழியவில்லை. 2024 யூலை 16 இலும் அதே விமான நிலையத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர் பெய்தது. ஒருவழி வால்வுக்கும், நிலத்தடி நீரைச் சேர்த்து வெளியேற்றும் குழிப்பம்பிக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித்தரும் திட்டத்தை ரொறன்ரோ மாநகரசபை நடத்திவருகின்றது. வேலை தொடங்குமுன் அதன் விதிகளைப் படித்துக்கொள்ளல் நன்று. வால்வு பூட்டியோர் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும்: அது மூடியிருக்கும் வேளையில் வெளிநீர் உள்ளே வாராதது போலவே வீட்டுநீரும் வெளியே போகாது. பெருமழை பெய்யும்போது மேல்மாடியில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தை ஓட்டினால் அந்நீர் கீழ்த்தளத்திலேதான் வந்து நிற்கும்.

நீரின்பின் எழுதவேண்டியது அநுமதியும் உயிர்க்காப்பும். சுவரமைத்தல், நீர்க்குழாய் அமைத்தல், புதிதாய் ஒரு குடியிருப்பு வகுத்தல் ஆகியவற்றுக்கு மாநகரசபையின் கட்டட அநுமதி வேண்டும். மின்வேலையை அநுமதிப்பத்திரம் பெற்ற மின்கொந்தராத்துக்காரரே செய்து, மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் வேண்டும். "அநுமதி எடுத்தால் செலவு கூடும், பக்கத்து வீட்டார் எவரும் எடுக்கவில்லை" என்று கூறுவோர் உளர். அநுமதியின் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு சிறு கூறே. அநுமதியால் செலவு கூடுவது கட்டணத்தால் அன்று. பரிசோதகர் வந்து, செய்யவேண்டியதைச் செய்விப்பதால். அவர் செய்விக்கும் வேலை எதுவென்று பார்த்தால், அது பெரும்பாலும் அங்கே உறங்கப்போகும் ஒருவரின் உயிரைக் காப்பதாக இருக்கும்.

யன்னலை எடுத்துக்கொள்வோம. நெருப்புப் பற்றிப் படிக்கட்டுப் புகையால் அடைபட்டால் கீழே உறங்குபவர் யன்னல் வழியாகவே வெளியேறல் வேண்டும். படுக்கையறையிலிருந்து தப்பும் யன்னலாகக் கொள்ளப்படுவது, ஆயுதம் எதுவுமின்றி உள்ளிருந்து திறக்கத்தக்கதாய், திறந்த வெளி 0.35 சதுர மீற்றருக்குக் குறையாததாய், எப்பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாததாய் இருத்தல் வேண்டும் என்பது ஒன்ராறியோக் கட்டட விதி. இவ்விரண்டையுஞ் சேர்த்துக் கணித்துப் பார்க்க: அகலம் 380 மில்லிமீற்றர் மட்டுமே ஆயின் உயரம் 922 மில்லிமீற்றர் வேண்டும். பழைய வீடுகளின் கீழ்த்தள யன்னல்கள் இவ்வளவு பெரியவை அல்ல. ஆகவே கொங்கிறீற்றுச் சுவரை வெட்டி யன்னலைப் பெருப்பித்தல் வேண்டும். வெளியே மண்ணைத் தோண்டி யன்னற்கிணறும் அமைத்தல் வேண்டும். அக்கிணற்றிலும் ஓர் ஆள் நின்று ஏற 550 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். இத்தனைக்கும் ஆகும் பணம் குளியலறைக்குப் பளிங்கு பதிக்கும் பணத்தோடு போட்டியிடும். போட்டியில் எது வெல்லவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. கீழே வாடகைக்கு வருபவர் பெரும்பாலும் யார்? ஊரிலிருந்து அண்மையில் வந்த ஒரு மாணவன். அல்லது வேறெங்கும் வாடகை கொடுக்க இயலாத ஒரு குடும்பம். "இந்த யன்னல் போதாது" என்று சொல்ல அவர்களுக்கு மொழியும் இல்லை, துணிவும் இல்லை. ஒருகால் நாமும் அவ்வாறே இருந்தோம்.

மேலும் கீழும் இருவேறு குடியிருப்புகளாயின், இடையே தீத்தடுப்புத் தட்டும், ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்குமாறு தொடுத்த புகையெச்சரிக்கைக் கருவிகளும், காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். தட்டின் உயரமும் ஒரு தடை. இரண்டாங் குடியிருப்புக்கு வேண்டிய 1.95 மீற்றர் உயரம் இல்லையேல், தரையை உடைத்து அத்திவாரத்தின் அடியையே தாழ்த்த நேரும். வீடு முழுவதையும் தாங்கும் சுவரின் கீழே மூன்று நான்கடித் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டிக் கொங்கிறீற்று இடும் அவ்வேலை பொறியியலாளரின் வரைபடமின்றிச் செய்யத்தக்கதன்று. மற்றெல்லாச் செலவையும் அது ஒன்றே விழுங்கிவிடக்கூடும். ஆதலின், விலை கேட்குமுன் அளவுநாடா ஒன்றைக் கையிலெடுத்து, காற்றுக்குழாய்களின் கீழேயும் அளந்து பார்க்கவேண்டும்.

மண்ணிலிருந்து கசியும் ரேடன் என்னும் கதிர்வீச்சு வாயுவையும் மூடுமுன் அளந்துகொள்வது நலம். மாரிகாலத்தில் மூன்று மாதம் வைத்து அளக்கும் சிறு கருவி விலைக்குக் கிடைக்கும். ஒரு கனமீற்றருக்கு 200 பெக்கரலுக்கு மேற்படின் குறைக்கவேண்டும் என்பது கனடாச் சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. 1990 க்கு முற்பட்ட வீடாயின் பழைய தரையோடுகளிலும் குழாய்ச் சுற்றுகளிலும் கல்நார் இருக்கலாம்; பரிசோதியாமல் உடைத்தலாகாது.

இனி இலக்கங்களைப் பார்ப்போம். கீழே தருவது விலைப்பட்டியல் அன்று. விலை ஆண்டுக்காண்டு மாறும், வீட்டுக்கு வீடு மாறும். கணக்கிடும் முறையைக் காட்டவே ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டோம். கொந்தராத்துக்காரர் 60,000 டொலர் என்று விலை கூறுகின்றார் எனக் கொள்வோம். ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 வீதம், அது 7,800. சுவரையும் தரையையும் திறந்தபின் வெளிப்படும் குறைகளுக்கு 15 வீதமாவது ஒதுக்கவேண்டும். அது 9,000, அதன் வரி 1,170. வரைபடத்துக்கும் அநுமதிக்கும் 4,000 என்போம். கூட்டிப் பார்த்தால் 81,970. அறுபதாயிரம் என்று தொடங்கியது எண்பத்தீராயிரத்தில் வந்து நிற்கின்றது. எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதை எடுத்து விலையுயர்ந்த சமையலறைத் தட்டுக்கு இடுதல் பலருடைய வழக்கம். வேலை முடிந்தபின் மிஞ்சினாலன்றி அதனைத் தொடலாகாது.

வாடகைக் கணக்கு இன்னும் மயக்கந் தருவது. மாதம் 1,500 டொலர் வாடகை, ஆண்டுக்கு 18,000. எனவே 60,000 டொலரும் மூன்றாண்டும் நான்கு மாதமும் ஆனதும் மீண்டுவிடும் என்று நண்பர்கள் விரல்மடித்துச் சொல்வர். அதே எடுத்துக்காட்டை முழுமையாகக் கணிப்போம். ஆண்டில் ஒரு மாதம் வீடு வெறுமையாக இருந்தால் 16,500. வெப்பம், மின்சாரம், நீர் ஆகியவற்றின் பங்கு மாதம் 200 ஆயின், மிகுவது 14,100. காப்புறுதியின் உயர்வுக்கும் திருத்த வேலைகளுக்கும் 1,200 போக 12,900. 82,000 டொலரையும் 6 வீத வட்டிக்குக் கடன்பட்டால் முதலாண்டு வட்டி 4,920, மிகுவது 7,980. வாடகை இலாபம் வருமான வரிக்கு உட்பட்டது. வரி 30 வீதம் என்று கொண்டால் கையில் நிற்பது 5,586 மட்டுமே. கடன் குறையக் குறைய வட்டியுங் குறையுமாதலின், கணக்கை ஆண்டுதோறும் தொடர்ந்து செய்து பார்த்தால் முதல் மீள ஏறக்குறைய 12 ஆண்டு செல்லும். மேல்வகுப்பு மாணவர்கள் இதனைத் தாமே செய்து சரிபார்க்கலாம். பன்னிரண்டாண்டுக் காரியம் வீண் என்று நாம் கூறவில்லை. மூன்றாண்டு என்று நம்பிக் கடன்பட்டவர் நான்காம் ஆண்டில் என்ன செய்வார் என்பதே எமது கேள்வி.

பெற்றோருக்காகத் தனிவாயிலும் சமையலறையும் குளியலறையும் உள்ள ஒரு குடியிருப்பை அமைப்போர்க்கு மத்திய அரசின் வரிச்சலுகை ஒன்று 2023 வரியாண்டில் தொடங்கிற்று. 65 வயதுக்கு மேற்பட்ட உறவினரோடு சேர்ந்து வாழ்வதற்கான செலவில் 50,000 டொலர் வரையில், அவ்வாண்டின் 15 வீதப்படி 7,500 டொலர் வரை பெற இடமிருந்தது. வீதத்தையும் நிபந்தனைகளையும் அவ்வவ்வாண்டில் உறுதிசெய்து கொள்ளல் வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத செலவு இதில் சேராது. "பற்றுச்சீட்டு வேண்டாமாயின் வரியின்றிச் செய்து தருகின்றேன்" என்பவரிடம் வேலை கொடுத்தவர் 13 வீதத்தை மிச்சம்பிடித்து, இச்சலுகையையும், பின்னர் முறையிடும் வழியையும் ஒருங்கே இழக்கின்றார்.

ஈற்றில் ஒப்பந்தம். இதனைச் சற்று விரித்துக் கூறவேண்டியுள்ளது; ஏனெனில் எம்மவர் தமக்குத் தெரிந்தவரிடமே வேலையைக் கொடுப்பர். ஊரில் மேசனுக்கு நாட்கூலி, மாலையில் காசு, எழுத்து எதுவுமில்லை, ஆயினும் அவர் அடுத்த ஒழுங்கையில் இருப்பவர், மறுநாளும் முகத்தில் விழிக்கவேண்டியவர். அந்த நம்பிக்கையை அப்படியே கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டோம். எமக்கு மிக வேண்டிய நண்பர் ஒருவர், தம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவரிடம் கீழ்த்தள வேலையை ஒப்படைத்தார். கடிதம் கேட்பது அவமதிப்பு என்று எண்ணிக் கேட்டிலர். பாதிப் பணத்தை முதலிலேயே கொடுத்தார். வரி விலைக்கு உள்ளடங்கியதா அன்றா என்பதில் தொடங்கிய பிணக்கு, மின்கம்பி, கதவு, காலதாமதம் எனப் பெருகி, வேலை இடையில் நின்றது. இருவரும் நல்லவர்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசி ஆண்டுகள் பலவாயின. பழைய மாணவர் சங்க இராப்போசனத்தில் ஒருவர் வாயிலருகே இருந்தால் மற்றவர் மேடையருகே இருக்கின்றார். ஒரு தாளில் பத்து வரி எழுதியிருந்தால் இது நேர்ந்திராது.

அத்தாளில் என்ன இருக்கவேண்டும்? வேலையின் விவரம், பொருள்களின் தரம், வரி சேர்ந்ததா என்பது, தொடங்கும் நாள், முடியும் நாள், அநுமதியை எடுப்பவர் யார் என்பது, மாற்றம் வேண்டின் அதன் விலையை எழுத்தில் ஒத்துக்கொண்ட பின்னரே செய்வது என்பது. பணத்தை நாள்பார்த்துக் கொடாமல் வேலைபார்த்துக் கொடுத்தல் வேண்டும்: மரச்சட்டம் முடிந்து பரிசோதகர் பார்த்தபின் ஒரு பகுதி, குழாயும் கம்பியும் முடிந்தபின் ஒரு பகுதி என்றவாறு. ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்துவைக்குமாறு ஒன்ராறியோக் கட்டுமானச் சட்டமே வீட்டுக்காரரை வேண்டுகின்றது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் அது 6,000 டொலர். இஃது அவநம்பிக்கையால் அன்று. கொந்தராத்துக்காரர் தம் தச்சருக்கோ பொருள் விற்றவருக்கோ பணங்கொடாது விட்டால், அவர்கள் வீட்டுக்காரரின் காணிமீது பற்றுரிமை பதியலாம்; அக்காலத்தில் இத்தொகையே கேடயமாகும். 2018 இல் திருத்தப்பட்ட சட்டப்படி பற்றுரிமையைப் பதிவதற்குரிய காலம் 60 நாள். சட்டம் கேட்பதாகச் சொல்லிவிட்டால் நண்பரிடம் கேட்பதிலும் கூச்சமில்லை.

பலகைச் சுவரை அடித்து மூடுவதற்கு முதல்நாள் மாலை, ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியுமாறு நிழற்படம் எடுத்துக்கொள்க. கம்பி எங்கே, குழாய் எங்கே, வால்வின் மூடி எங்கே என்பவை பின்னொருகால் வேண்டியிருக்கும். அப்படங்களையும், அநுமதிப் பத்திரத்தையும், பரிசோதகரின் முடிவறிக்கையையும், பற்றுச்சீட்டுகளையும் ஒரே உறையிலிட்டு மேல்மாடியில் வைக்க, கீழே வைத்தலாகாது. அறுபது நாள் கழிந்து, பற்றுரிமை எதுவும் பதியப்படவில்லை என்று பார்த்தபின், பிடித்துவைத்த பணத்தை நண்பரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, அவர் தரும் தேநீரையும் குடித்து வரலாம்.